பிலோமினா டீச்சரும் உன் கைகளும்

சேகர்,

நேற்று மதியம் உன் மாமா வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு மனது நிலைகொள்ளவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் என்னிடம், "கல்யாண மேடையில பையனும் பொண்ணும் கைய ஆட்டிப் பேசிக்கிட்டிருக்க வேண்டாம்னு சொல்லும்மா. வர்றவங்க தாலி கட்டுறதப் பாக்க மாட்டாங்க, இவங்க கையத்தான் பாப்பாங்க. கொஞ்ச நேரம்தானே, சும்மா சிரிச்சிக்கிட்டு உக்காந்தா போதும்லா" என்றார். அவர் உதட்டையே நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ தலையை ஆட்டிச் சரி என்றுவிட்டாய். உன் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இப்படி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உன்னிடம் கையாலேயே சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்த்தபடி இருப்பாய். நடுவில் எனக்குக் கண் கலங்கினால், சொல்வதை விட்டுவிட்டு என்னைத் தேற்ற வந்துவிடுவாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள், மற்ற நாளெல்லாம் தையல் மிஷினோடு கழித்தவள். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். பிலோமினா டீச்சரைப் பற்றி நீ அறியாத ஒன்று இருக்கிறது. அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் இருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பான்காரன் நம் ஊரை ஆண்ட காலம் முடிந்த மறு வருஷம், ரோவல் ரோட்டு மாடி அறையில் இருந்தபோது நீ பிறந்தாய். உனக்குக் காது கேட்காது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் உன் அப்பா. ஒரு நாள் தஞ்சோங் பகார் துறைமுக வேலை முடிந்து வந்து கதவைப் பலமாகச் சாத்தினார். நான் திடுக்கிட்டேன். நீ உன் கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அவர் இன்னொரு முறை சாத்திப் பார்த்தார். பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வேண்டாத கோயில் இல்லை, காட்டாத வைத்தியர் இல்லை. எதுவும் நடக்கவில்லை. ஆனால் நீயும் நானும் அதற்குள் ஒரு பேச்சைக் கண்டுபிடித்துக்கொண்டோம். விரல்களை மேலிருந்து உதிர்த்தால் மழை. மணிக்கட்டைத் திருகினால் அப்பா, ஏனென்றால் கப்பலில் அவர் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுவதைப் பார்க்க உன்னை ஒரு தடவை கூட்டிப்போயிருந்தார். இரண்டு விரலால் கிள்ளித் திருகிக் காட்டினால் வலி. தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு கடையையும் கையால் சொல்லிக்கொண்டே வருவாய். மீன்காரர்கூட நம்மிடம் கையால்தான் விலை சொல்வார்.

டீச்சர் முதலில் வந்தது ரவிக்கை தைக்கக் கொடுக்கத்தான். அப்போது உனக்கு நாலு வயசு. நான் மிஷின் ஓட்டும்போது அதன் பலகையில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய். அதிர்வு உனக்குப் பிடிக்கும். அதைப் பார்த்துவிட்டு அவர் அளவு கொடுக்க மறந்து நின்றார். "இவனுக்குக் காது கேக்காதா அக்கா?" என்று கேட்டார். எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், எல்லாருடைய குரலிலும் பரிதாபம் இருக்கும். இவர் குரலில் அது இல்லை, ஆவலாகக் கேட்டார். பிறகுதான் சொன்னார். அவர் பாடம் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் கவனிக்காத பிள்ளை என்று ஒரு சிறுமியை வருஷம் முழுக்கப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பாதிக் காது கேட்காது என்பது பிற்பாடுதான் தெரிந்ததாம். "நானும் நிக்க வெச்சேன் அக்கா" என்றார். காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் படிப்புக்காக அடுத்த மாதம் வெளிநாடு போகிறேன் என்றும், திரும்பி வந்ததும் உன்னைத் தேடி வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் நம்பவில்லை. ஆனால் வந்தார்.

வந்து தொடங்கிய வகுப்பில் உன்னையும் சேர்த்துக்கொண்டார். அங்கே ஒரு கட்டளை இருந்தது. கையால் பேசக் கூடாது. கையை விட்டால் பிள்ளைகள் வாயால் பேசவே கற்க மாட்டார்கள் என்பது அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலரும் நம்பிய விஷயம். டீச்சரும் முழு மனசோடு நம்பினார். வீட்டுக்கு வந்து, "நீங்களும் கைய நிறுத்திடணும் அக்கா. மடியில வெச்சிக்கிட்டுப் பேசுங்க. அவன் உங்க உதட்டைப் பாக்கட்டும்" என்றார். உன் அப்பா, "கப்பல்ல நாங்க நாள் பூரா கையாலதான் டீச்சர் பேசுறோம். அந்தச் சத்தத்துல வேற எதுவும் எடுபடாது" என்று சிரித்தபடி சொன்னார். "அது வேற, இது வேறண்ணே" என்று டீச்சரும் சிரித்தார். அன்று முதல் உன் அப்பாவும் கையைக் கட்டிக்கொண்டார். படித்தவர் சொல்கிறார், பிள்ளைக்கு நல்லது என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த முறையில் பலனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டீச்சர் உன் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைப்பார், பிறகு உன் தொண்டையில் வைப்பார். உன் வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பார். 'ப' சொன்னால் காகிதம் ஆடும், 'ம' சொன்னால் ஆடாது, மூக்குத்தான் அதிரும். அம்மா, அப்பா இரண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாதக்கணக்கில் நீ எங்கள் இருவரையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டாய், யாரைக் கூப்பிடுகிறாய் என்று தெரியாமல் இரண்டு பேரும் ஓடி வருவோம். ஒரு நாள் நான் துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, மூக்கு அதிர, சுத்தமாக, "அம்மா" என்றாய். ஊசியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக டீச்சருக்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

ஆனால் அதே நாட்களில் வேறு ஒன்றும் நடந்தது. பள்ளியில் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு உட்காரப் பழக்கினார்கள். நீ வீட்டிலும் அப்படியே நிற்க ஆரம்பித்தாய். பள்ளியில் சொல்லித்தந்தது ஆங்கிலம். எனக்கோ ஆங்கிலம் தெரியாது. நீ ஏதோ சொல்வாய், எனக்கு விளங்காது. நான் தமிழில் கேட்பேன், அந்த உதட்டசைவு உனக்கு விளங்காது. முன்பெல்லாம் சந்தையிலிருந்து வரும்போதே ஆயிரம் சொல்கிற பிள்ளை, சாப்பிட்டதும் சன்னலோரம் போய் உட்கார்ந்து கீழே கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பேச்சு வரும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

உனக்கு எட்டு வயசிருக்கும்போது, மழை விடாமல் பெய்த ஒரு வாரம். நீ சாப்பிடவில்லை, பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. சூடு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் முகம் வெளுத்துவிட்டது. நீ என்னைப் பார்த்து "பே... பே..." என்றாய். திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். ஃபேன் வேண்டும் என்கிறாயோ என்று நினைத்தேன். நம் வீட்டில் ஃபேன் ஏது? அட்டையை எடுத்து விசிறினேன். நீ தலையை ஆட்டி மறுபடியும் "பே" என்றாய். இன்னும் வேகமாக விசிறினேன். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்போதும் உன் இரண்டு கைகளும் முதுகுக்குக் கீழேதான் இருந்தன, அவற்றின் மேலேயே படுத்திருந்தாய்.

பள்ளிக்கு வரவில்லையே என்று பார்க்க அன்று சாயங்காலம் டீச்சர் வந்தார். வாசலிலேயே உன் குரலைக் கேட்டு நின்றார். "பெயின்னு சொல்றான் அக்கா. வலிக்குதுன்னு சொல்றான்" என்றார். குடையை அப்படியே போட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே, எப்போதிருந்து என்று வாயால் கேட்டார். உனக்கு அந்தச் சொற்களை இன்னும் கற்றுத் தரவில்லை. நீ அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு "பே" என்றாய். அதற்கு மேல் உன்னிடம் சொல் இல்லை.

"முன்னாடி வலிக்கு உங்க வீட்ல எப்படிக் கை காட்டுவீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்கதானே டீச்சர் வேண்டாம்னு சொன்னீங்க" என்றேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை சேகர். உண்மையாகவே பயந்துதான் சொன்னேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் சொன்னது இருக்கட்டும். காட்டுங்க அக்கா" என்றார்.

நான் உன் கைகளை வெளியே எடுத்துவிட்டு, கிள்ளித் திருகிக் காட்டினேன். நீ என்னைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தாய். அவர் அனுமதி கொடுக்கிறாரா என்று பார்த்தாய். அதைக் கண்டதும் அவரே தன் விரல்களால் கிள்ளித் திருகி, எங்கே என்று கையை விரித்தார். பழக்கமில்லாத கை, தப்பும் தவறுமாக இருந்தது. ஆனால் உனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நொடி உன் கைகள் பேசத் தொடங்கின. தொப்புளைச் சுற்றி வலித்தது, பிறகு வலது பக்கம் கீழே இறங்கியது, சூரியன் போய் வந்து மறுபடி போனது, வாந்தி வந்தது, கால் நீட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாய், நான் டீச்சருக்கு வாயால் சொன்னேன். டீச்சர் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே இறங்கி ஓடி டாக்சியை நிறுத்தினார். பெரிய ஆஸ்பத்திரியில் உன் குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உள்ளே வெடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஆபரேஷன் முடியும்வரை நானும் அவரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வேலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. டீச்சர் ஈரப் புடவையோடு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "நான் அவனுக்கு ஒரு வார்த்தையைக் கொடுத்தேன் அக்கா. அதைப் புரிஞ்சிக்க ஆளில்லாத வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவங்கிட்ட இருந்த பேச்சையும் பிடுங்கிட்டேன்" என்றார். "பிள்ளையக் காப்பாத்தினது நீங்கதானே" என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் தினமும் வந்து உட்கார்ந்து அவர் உன்னிடம் கைப்பேச்சு கற்றது உனக்கே ஞாபகம் இருக்கும். அவர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டுவதுதான் டீச்சருக்குப் பெயர் என்று அங்கேதான் நீ வைத்தாய். உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. அவர் பள்ளிக்குத் திரும்பிப்போய்ப் பெரியவர்கள் கூடிய இடத்தில் எழுந்து, என் வகுப்பில் இனி பிள்ளைகள் கையைக் கட்ட மாட்டார்கள், வாயும் பேசட்டும், கையும் பேசட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு வந்த வயிற்றுவலியை வைத்து முறையையே மாற்றுவதா என்று கேட்டிருக்கிறார்கள். பெற்றோர்களிலும் சிலர், என் பிள்ளை எல்லாரையும் போலத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அனுப்புகிறேன் என்று சண்டை போட்டார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்து அந்த வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பாக வர வேண்டியவர் அவர்தான். முறையை ஒத்துக்கொண்டால் பொறுப்பு, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கடல் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வந்தவர், நீசூன் என்ற ஊர்ப்பக்கம் ஒரு சாதாரணப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்.

பள்ளிக்கு ஏன் டீச்சர் வருவதில்லை என்று நீ என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாய். வேறு வேலை என்று மட்டும் நான் கைகாட்டினேன். நீ அவர்மேல் வெகுநாள் கோபமாக இருந்தாய். பள்ளியில் எங்களை விட்டுப் போய்விட்டார் என்று வளர்ந்த பிறகும் ஒரு தடவை சொன்னாய். நான் அப்போதே உண்மையைச் சொல்லத் துடித்தேன். ஆனால் அவர் என்னிடம், "சேகர்கிட்ட சொல்லாதீங்க அக்கா. தன்னாலதான் டீச்சர் போனாங்கன்னு நெனச்சா அவன் கைய மறுபடியும் பின்னால கட்டிக்குவான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளியில் விடாததைத் தானே நடத்த அவர் தொடங்கிய சனிக்கிழமை வகுப்பு அப்படித்தான் பிறந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையைச் சாமியார் ஒழித்துக் கொடுத்தார். பிள்ளைகளோடு தாயோ தகப்பனோ ஒருவராவது வந்து உட்கார வேண்டும் என்பது டீச்சர் போட்ட ஒரே சட்டம். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் என்று எல்லாரும் வந்தார்கள். கைப்பேச்சில் தேர்ந்த காது கேளாத இளைஞர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து, அவர்கள் முன்னால் மாணவியைப் போல உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வாய்ப்பேச்சையும் அவர் கைவிடவில்லை, காகிதத் துண்டும் கண்ணாடியும் மேசைமேல் எப்போதும் இருந்தன. பழைய வகுப்பில் வாயால் நன்றாகப் பேசக் கற்று ஆபீஸ் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி, "அவங்களுக்கு அந்த வழி சரியா இருந்துச்சு அக்கா. எனக்கே சில நாள் குழப்பமாத்தான் இருக்கும்" என்பார். தான் செய்தது முழுக்கச் சரி என்று அவர் எப்போதும் பெருமை அடித்துக்கொண்டதில்லை.

உனக்குத் தமிழ் எழுத்து வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான். "ஒங்க அம்மா எழுதினா நீ படிக்கணும்" என்று உன்னிடம் கையால் சொன்னார். ஆனால் ஆங்கிலப் பள்ளியில் படித்த அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் உன்னையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து நான் 'அ' போட்டுக் காட்டினேன். நீ அவரைவிடச் சீக்கிரம் கற்றாய். 'ற'வும் 'ர'வும் அவருக்குக் கடைசிவரை தகராறுதான்.

பினாங்கிலிருந்து அவருக்கு ஒரு சம்பந்தம் வந்தது, நல்ல மனிதர். அங்கே போய்விட வேண்டும் என்பதால் அவர் தட்டிக் கழித்துவிட்டார். வெகுகாலம் கழித்து, அதில் வருத்தமா என்று ஒரு முறை கேட்டேன். "சில ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருத்தமா இருக்கும். வீடு அமைதியா இருக்கும்லா, அப்போ. அடுத்த சனிக்கிழமை வந்தா மறந்துடும்" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர். கடற்படைக் குடியிருப்பான நேவல் பேஸிலிருந்து, இப்போது உனக்கு மனைவியாகப்போகும் கமலாவை அவள் அப்பா பஸ்ஸில் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை தானும் உட்கார்ந்து கையால் பேசக் கற்றாரே, அவரைக் காட்டி, "எனக்கென்ன குறை அக்கா, பாருங்க" என்பார்.

நம் ஊர் மலேசியாவிலிருந்து பிரிந்த வருஷம் உனக்கு ஜூரோங் மரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நீ முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அவரிடம். அப்போதே அவருக்கு இதயம் பலவீனமாகியிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது உன்னையும் கமலாவையும் பற்றித்தான் கேட்டார். வீட்டில் பேசி முடித்துவிட்டோம் என்றேன். "ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுவாங்க. போடட்டும். சண்டை போட ஒரு பேச்சு இருக்கே" என்று சிரித்தார். உங்கள் கல்யாணத் தேதி குறிப்பதற்குள் போய்விட்டார். பிடாடரியில் அவரை அடக்கம் செய்தபோது மற்றவர்கள் வாயால் ஜெபம் சொல்ல, சனிக்கிழமைப் பிள்ளைகள் நீங்கள் அத்தனை பேரும் கைகளால் சொன்னீர்கள். வந்தவர்கள் உங்கள் கைகளைப் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்ததால் யாருக்கு என்ன கெட்டுப்போனது?

ஒன்றை மட்டும் நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உன்னால் அவர் வாழ்க்கை கெட்டது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்த வாழ்க்கை அது, அதை யாருடைய கணக்கிலும் எழுத அவர் சம்மதிக்க மாட்டார். ஆனால் நேற்று நீ தலையாட்டியது மாமாவின் மனசு நோகக் கூடாது என்பதற்காக. நீ நல்ல பிள்ளை. எட்டு வயசிலும் நீ நல்ல பிள்ளையாகத்தான் கையைக் கீழே வைத்துப் படுத்திருந்தாய். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலை மாமா பந்தல்காரரைப் பற்றிப் பேச மறுபடி வந்தார், நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, மேடையில அவங்க பேசிக்கணும்னா பேசிக்குவாங்க. நான் தடுக்கப்போறதில்ல" என்றேன். "ஊர் பேசும்மா" என்றார். "ஊர் வாயால பேசட்டும்ணே. இவங்க கையால பேசட்டும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை, "ஒன் இஷ்டம்" என்று எழுந்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டவர் படியில் நின்று, "அந்தச் சனிக்கிழமைப் பிள்ளைங்கள்லாம் வருமாமே. வாசல்ல நான்தானே நிக்கணும். வாங்கன்னு எப்படிக் காட்டுறது?" என்று கேட்டார். காட்டினேன். அவர் செய்து பார்த்தார். "அண்ணே, நீங்க காட்டுறது சாப்பிடுங்கன்னு அர்த்தம்" என்றேன். "வந்ததும் அதைத்தானே சொல்லப்போறோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

மேடையில் உன் கைகளை என்ன செய்வது என்பது உன்னுடைய, கமலாவுடைய முடிவு. சும்மா சிரித்துக்கொண்டு உட்கார உங்கள் இருவருக்கும் உண்மையிலேயே விருப்பம் என்றால் அப்படியே இருங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் உடனே சொல்லிவிடு, யாருக்காகவும் தள்ளிப் போடாதே. நானும் அப்பாவும் முதல் வரிசையில்தான் இருப்போம். அங்கிருந்து நீ என்னிடம் என்ன கேட்டாலும், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், நான் எழுந்து நின்று கையால் பதில் சொல்வேன்.

உன் அம்மா